முகக்குறியும் பொறியின் தீர்ப்பும்

முகக்குறியைக் கொண்டு மனித உணர்வைக் கணினி இனங்காண்கிறது என்னும் கூற்றை, அது கற்ற தரவுகளிலிருந்தே நாம் பரிசீலித்தல் வேண்டும். ஆய்வாளர் பலர் கையாளும் எப்.ஈ.ஆர். 2013 என்னும் தொகுதியில் 35,887 படங்கள் உள. உணர்வுச் சொற்களை இட்டு இணையத்தில் தேடித் திரட்டப்பட்டு, ஏழு வகைகளுள் அடக்கப்பட்டவை அவை. படத்திலுள்ளவர் உண்மையில் யாது உணர்ந்தார் என்பது வினாவப்படவில்லை. பார்த்தவர் இட்ட பெயரையே பொறி கற்கிறது. மனிதரைக் கொண்டு சோதித்தபோது அவர்தம் தீர்ப்பும் நூற்றுக்கு ஏறத்தாழ 65 இடங்களிலேயே அப்பெயர்களோடு ஒத்தது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையைக் கூறுமிடத்து இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதன் நிலைக்களன்களையும் உடன் கூறுகிறது. பொறிக்கோ முகம் மட்டுமே உண்டு; இழவால் அழுபவரும் வறுமையால் அழுபவரும் அதற்கு ஒருவரே.

இது நுட்பக் குறைபாடு மட்டுமன்று. வேலைகொள்வோர் தொழிலாளியின் முகத்தை இப்பொறியால் அளக்கும்போது அது அதிகார உறவாகிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் இதனை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2025 பெப்புருவரியில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. ஆயின், எல்லையில் தஞ்சங்கோரி நிற்போரின் முகங்கள் அத்தடையுள் அடங்கவில்லை.