கடைசிப் பக்கத்தின் பாக்கி

நாவலைக் கையிலெடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மர்ம நாவலில் அது நாவலையே கொன்றுபோடும் காரியம். காதல் நாவலில் வீண் வேலை. அங்கே என்ன இருக்கும் என்று அட்டையே சொல்லிவிடும். மிகுபுனைவிலோ புரட்டியும் பயனில்லை, கதை அடுத்த பாகத்துக்குப் போயிருக்கும். அண்மையில் இந்த மூன்று வகையிலும் மாறிமாறிப் படித்தேன். நடை, பாத்திரப் படைப்பு என்ற வழக்கமான அளவுகோல்களைவிட, வாசகருக்குத் தரவேண்டிய முடிவை நாவல் எப்படித் தருகிறது என்ற கேள்விதான் நல்லதையும் சுமாரானதையும் பிரித்துக் காட்டியது.

தீவிர இலக்கியம் என்று நாம் தனியே எடுத்துவைக்கும் நாவல் முடிவில் எதையும் தரக் கடமைப்பட்டதில்லை. நடுவழியில் நிறுத்தினாலும் அதை ஆழம் என்று ஏற்றுக்கொள்வோம். வகைமை எழுத்தாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே வாசகரிடம் கடன் வாங்கிவிடுகிறார், வட்டியோடு திருப்பித் தந்தாக வேண்டும்.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இதில் ஒரு விசித்திரமான கணக்கு. 2005இல் ஜப்பானில் வெளிவந்து நவோகி விருது பெற்றது. 2011இல் ஆங்கிலத்துக்கு வந்தது. கொலை ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடக்கிறது. கொன்றது யார், எதற்காக, எப்படி எல்லாமே தெரிந்துவிடுகிறது. மதிய உணவுக் கடையில் வேலை பார்க்கும் யாசுகோவும் அவள் மகளும், தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவனைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் கணித ஆசிரியர் இஷிகாமி, கேட்காமலே உதவிக்கு வருகிறார். பிறகு என்னதான் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கடைசி ஐம்பது பக்கங்களில், கண் முன்னால் நடந்ததைக்கூட நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று ஹிகாஷினோ நிரூபித்துவிடுகிறார். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. தடயங்கள் அத்தனையும் வெளிச்சத்தில்தான் கிடந்தன.

மோகன்லால் நடித்த 'த்ரிஷ்யம்' 2013இல் வந்தபோது இந்த நாவலோடு ஒப்பிட்டுச் சர்ச்சை எழுந்தது. இயக்குநர் ஜீத்து ஜோசப் அதை மறுத்தார். அந்தப் படத்தின் தமிழ் வடிவமான 'பாபநாசம்' பார்த்துவிட்டு இந்த நாவலைப் படிப்பவர்கள் ஒற்றுமையைவிட வேற்றுமையைத்தான் கவனிக்க வேண்டும். படத்தின் நாயகன் சுயம்புலிங்கம் தன் குடும்பத்துக்காகத் திட்டமிடுகிறான். இஷிகாமிக்கு அந்தப் பெண் அண்டைவீட்டுக்காரி மட்டுமே. தினமும் அவள் கடையில் சாப்பாடு வாங்குவதைத் தவிர வேறு உறவு இல்லை.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். இந்த நாவலைத் தியாகக் கதையாகக் கொண்டாடுகிறார்கள், நாவலும் அதையே விரும்புகிறது. முதல் வாசிப்பில் எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டாம் முறை படித்தபோது வேறு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, யாசுகோ. இத்தனை பெரிய காரியம் அவளுக்காகச் செய்யப்படுகிறது, ஆனால் இது வேண்டுமா என்று அவளை யாரும் கேட்பதே இல்லை. இன்னொன்று, அந்தத் திட்டம் நிறைவேற யார் விலை கொடுத்தார்கள் என்பது. படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த ஆளைப் பற்றி நாவல் அதிகம் கவலைப்படவில்லை. புதிரின் அழகு மனிதரை விழுங்கிவிட்ட இடம் அது. அப்படியிருந்தும், இந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஜப்பானில் இந்தப் புதிர் மரபு மிக வலுவானது. யுகிதோ அயாட்சுஜியின் 'தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்' 1987இல் வந்தது, அண்மையில்தான் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஒரு தீவு, பத்துக் கோண வீடு, பல்கலைக்கழக மர்மக் கதைக் கழகத்தைச் சேர்ந்த மாணவர்கள். போ, அகதா, எல்லரி என்று மேலைநாட்டு எழுத்தாளர்களின் பெயர்களிலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய தீவுக் கதையின் நேர் வாரிசு. வெளிப்படையாகச் சொன்னால், பாதி நாவல்வரை எனக்கு எரிச்சல்தான். பெயரை எடுத்துவிட்டால் யார் எவர் என்று பிரித்தறிய முடியாத பொம்மைகள், ஒருவர் செத்தால் மற்றவர் காப்பி குடித்துக்கொண்டே விவாதிக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பின்னால் போய்ப் பக்கங்களைச் சரிபார்க்காத வாசகர் இருக்க முடியாது. அந்த ஒரு வரிக்காக முந்நூறு பக்கம் படிக்கலாமா? படிக்கலாம், ஒருமுறை.

இங்கிலாந்திலிருந்து வருகிறவை இப்போது வேறு திசையில் போகின்றன. துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை 1929இல் எழுதிவைத்தவர் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார். துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தேர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) அந்தச் சோதனையில் தேறாது. கென்ட் பகுதியில் உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் நான்கு பேர், வியாழன்தோறும் கூடித் தீராத கொலை வழக்குகளை அலசுகிறார்கள். வாக்குமூலங்கள் தானாக மடியில் விழுகின்றன, தற்செயல்கள் கைகொடுக்கின்றன. மர்மமாக அது பலவீனம். ஆனால் ஜாய்ஸ் என்ற பழைய செவிலியின் நாட்குறிப்பு வரும் அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டில் ஆரம்பித்துப் பிணத்தில் முடியும் அந்தக் குரலில், வயதானவர்களை யாரும் கவனிப்பதில்லை என்பதையே ஆயுதமாக்கிக்கொண்ட ஒருத்தி இருக்கிறாள். தொடரின் நான்காம் நாவலான 'தி லாஸ்ட் டெவில் டு டை'யில் அந்த நால்வரில் ஒருத்தியான எலிசபெத்தின் கணவருடைய மறதிநோய் பற்றிய பகுதிகள், கொலையை முழுதாக நீக்கிவிட்டாலும் நிற்கும். ஆஸ்மன் எழுத நினைப்பது முதுமையைப் பற்றி. கொலை அதற்கு வாடகைக்கு எடுத்த மேடை. அவரை மர்ம எழுத்தாளர் என்று நினைத்துப் படித்தால் ஏமாற்றம்தான்.

ஆண்டனி ஹோரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' (2016) நேர்மாறு. பதிப்பக ஆசிரியை சூசன் ரைலண்ட் ஒரு துப்பறியும் நாவலின் கைப்பிரதியைப் படிக்கிறாள், நாமும் அவளோடு படிக்கிறோம், கடைசி அத்தியாயத்தைக் காணோம். எழுதியவரும் இறந்துகிடக்கிறார். முடிவு என்ற பாக்கியை வசூலிக்கப் புறப்படுவதே கதை என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் 1955இல் நடக்கும் உள்நாவலில் இருக்கும் உயிர், இன்றைய லண்டனில் நடக்கும் வெளிநாவலில் இல்லை. சூசனின் காதலன் வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன்.

காதல் நாவலுக்கு வருவோம். தமிழ் இலக்கிய இதழ்களில் இதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வருவது அபூர்வம். ரமணிசந்திரனை லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள், விமர்சகர்கள் பகடி செய்தார்கள், யாரும் உட்கார்ந்து அவர் கதை எப்படி இயங்குகிறது என்று பார்க்கவில்லை. நாயகனும் நாயகியும் கடைசியில் சேர்வார்கள் என்பது தெரிந்தும் ஒருத்தி பேருந்தில் நின்றுகொண்டே அந்த மாத நாவலைப் படித்தாள் என்றால், அவளை இழுத்தது எது? 'என்ன' நடக்கும் என்பது போன பிறகு 'எப்படி' மட்டும்தான் மிஞ்சும். வாசகரை அதிர்ச்சியால் பிடித்துவைக்கும் வசதி மர்ம எழுத்தாளருக்கு உண்டு. காதல் நாவலாசிரியரிடம் இருப்பது இரண்டு பேரின் பேச்சு மட்டும். ஆகவே மூன்றில் கடினமான தொழில் இதுவே என்பது என் கட்சி.

எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்' (2022) அதற்குச் சாட்சி. பெருநகர வாழ்க்கையில் ஊறிய ஒருவன் வேலையாகச் சிற்றூருக்குப் போவான், அங்கே ஒரு நல்ல பெண்ணைச் சந்திப்பான், நகரத்தில் விட்டுவந்த கறார்க்காரக் காதலியைத் தொலைபேசியில் கழற்றிவிடுவான். எத்தனையோ அமெரிக்கக் கதைகளில் வரும் அந்தக் கழற்றிவிடப்பட்ட காதலியை ஹென்றி நாயகியாக்குகிறார். நோரா ஸ்டீபன்ஸ் இலக்கிய முகவர், பேரம் பேசுவதில் சுறா. அவளைத் திருத்த நாவல் முயல்வதில்லை. வேலையை நேசிப்பது நோய், சிற்றூரும் தச்சுப் பட்டறையும் அதற்கு மருந்து என்ற பாடம் இல்லை. தங்கையோடு நோராவுக்கு உள்ள உறவு, காதலைவிடச் சிக்கலாகவும் உண்மையாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஹென்றியின் முந்தைய நாவல்களில் ஒன்றான 'பீச் ரீட்' (2020) இந்த அளவு தேறவில்லை. காதல் கதை எழுதுகிறவளும் தீவிர இலக்கியம் எழுதுகிறவனும் ஒரு கோடைக்காலத்துக்குத் தங்கள் வகையை மாற்றிக்கொள்ளும் பந்தயம் அருமையான முடிச்சு. ஆனால் இறந்துபோன அப்பாவின் ரகசிய வாழ்க்கையை மகள் எதிர்கொள்ளும் பகுதிகள் வலுவாக அமைந்து, காதலை ஓரமாகத் தள்ளிவிடுகின்றன.

இந்த வகை முழுவதையும் பீடித்திருக்கும் ஒரு வழக்கம் உண்டு. முக்கால் நாவல் முடிந்ததும் பிரிவு வந்தாக வேண்டும். இருநூறு பக்கம் அத்தனை அறிவோடு பேசிய இருவர், அந்த இடம் வந்ததும் ஊமையாகிவிடுவார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகும் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு ஆளுக்கொரு ஊருக்குப் போவார்கள். அலி ஹேஸல்வுட்டின் 'தி லவ் ஹைபோதெசிஸ்' (2021) முழுக்க இந்தக் கேட்காத கேள்வியின் மேல்தான் நிற்கிறது. ஸ்டார் வார்ஸ் ரசிகர் புனைவாக இணையத்தில் தொடங்கிய கதை அது, நாயகனின் தோள் அகலத்தைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்டுவதில் அந்தப் பிறப்பு தெரிகிறது. ஆனால் ஆய்வகத்தைப் பற்றி எழுதும்போது ஆசிரியருக்குத் தெரிந்த உலகம் பேசுகிறது. நிதிக்காக அலைவது, மாநாட்டு மேடை நடுக்கம், அதிகாரத்தில் இருப்பவனின் அத்துமீறலை யாரிடம் சொல்வது என்ற தயக்கம், எல்லாம் அசல். அந்த ஆய்வக நாவலைப் பாதியாவது எழுதியிருக்கலாம்.

இப்போது கொடிகட்டிப் பறப்பது காதலும் மிகுபுனைவும் சேர்ந்த கலவை. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023 மே மாதம் வந்தது, அடுத்த பாகம் அதே ஆண்டு நவம்பரில். மூன்றாம் பாகமான 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வெளியாகி, முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. முதல் நாவலின் தொடக்கம் விறுவிறுப்பு என்பதை மறுக்க முடியாது. போர்க் கல்லூரியில் சேர வரும் இளைஞர்கள் மழையில் வழுக்கும் குறுகிய கல் பாலத்தைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. எளிதில் மூட்டு நழுவும் உடலோடு வயலட் அதைக் கடக்கிறாள். பிறகு டிராகன்கள் வருகின்றன, கறுப்பு உடை காதலன் வருகிறான், நாவல் காணாமல் போகிறது. போர் எதற்காக, எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் யார் என்பதெல்லாம் முத்தங்களுக்கு இடையே செய்திக்குறிப்புபோல நுழைக்கப்படுகிறது.

ஆனால் உண்மையான கோளாறு வேறிடத்தில். காதல் நாவல் இருவரையும் சேர்த்துவைத்தாக வேண்டும். ஐந்து பாகமாகத் திட்டமிட்ட தொடரோ, ஐந்தாம் பாகம்வரை எதையும் தீர்த்துவைக்கக் கூடாது. இரண்டு ஒப்பந்தமும் ஒரே புத்தகத்தில் கையெழுத்தாகும்போது என்ன ஆகும்? ஒவ்வொரு பாகத்திலும் அவன் புதிதாக ஒரு ரகசியத்தை மறைக்கிறான், அவள் புதிதாகக் கோபப்படுகிறாள், சேர்ந்தவர்கள் மீண்டும் பிரிகிறார்கள். இரண்டாம் பாகத்தின் நடுவில் எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவதைக் கடமைக்காக முடித்தேன்.

தள்ளிப்போடுவது மிகுபுனைவின் பரம்பரைச் சொத்து. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996இல் ஆரம்பித்த தொடரின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதை வாசகர்கள் இன்னும் எதிர்பார்க்கிறார்கள். நமக்கும் தொடர்கதைப் பழக்கம் உண்டு; 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954வரை வாராவாரம் ஓடியது. ஆனால் கல்கி முடித்துக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த மாத நாவல்களில் ராஜேஷ்குமார் போன்றவர்களுக்கு இன்னும் கறாரான எல்லை, அந்த இதழுக்குள்ளேயே கொலையாளி பிடிபட்டாக வேண்டும். அந்த நெருக்கடியில் அவசர முடிவுகள் பல வந்தன என்பதும் உண்மைதான். என்றாலும் எழுநூறு பக்கம் படித்துவிட்டு வெறுங்கையோடு எழுவதற்கு அது மேல்.

ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' (2022) ஒரே நாவலில் முடிந்துவிடுகிறது என்ற ஒன்றுக்காகவே முதலில் மகிழ்ந்தேன். 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிக் கட்டிகளில் பொறித்த சொற்களின் மந்திரத்தால் இயங்கும் பேரரசு, அதற்குக் காலனிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மாணவர்கள். கல்கத்தாவிலிருந்து வரும் ரமி நாவலின் மிக உயிருள்ள பாத்திரம், அவன் பேசும்போதெல்லாம் பக்கம் நிமிர்ந்து உட்காருகிறது. நாவலின் வாதத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் காட்சி ஒன்றைக் காட்டிவிட்டு, அது இனவெறிதான் என்று அடிக்குறிப்பில் மறுபடி விளக்குகிறார். காலனியத்தை அனுபவித்த நாட்டின் வாசகருக்கு இந்தப் பாடம் தேவையில்லை, வேறு யாருக்கோ எழுதப்பட்டதை ஒட்டுக்கேட்பதுபோல இருக்கிறது.

படித்த மிகுபுனைவுகளில் மனத்தை முழுதாகப் பறிகொடுத்தது சுசானா கிளார்க்கின் 'பிரனேசி'யிடம் மட்டுமே. 2020இல் வந்து, அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசை வென்ற நாவல். எல்லையில்லாத மண்டபங்கள், அவற்றில் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். இந்த வீட்டுக்கு வெளியே உலகம் உண்டு என்பதே அறியாத ஒருவன் நாட்குறிப்பு எழுதுகிறான். இதுவரை வாழ்ந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர் என்பது அவன் கணக்கு. அவர்களில் பதின்மூவர் எலும்புகளாக இருக்கிறார்கள், அவன் அவர்களுக்குப் படையல் வைக்கிறான். சில பக்கங்களிலேயே, அவனுக்குத் தெரியாத ஏதோ நமக்குப் புரிய ஆரம்பிக்கிறது. அவன் நம்பும் மனிதனை நாம் நம்பவில்லை. துப்பறியும் கதையின் எலும்புக்கூட்டை வாங்கி அதன்மேல் மிகுபுனைவைக் கட்டியிருக்கிறார் கிளார்க். தடயங்கள் நாட்குறிப்பிலேயே கிடக்கின்றன, நாக்ஸ் பாதிரியார் குறை சொல்ல முடியாது. புதிர் அவிழ்ந்த பின்னும் நாவல் சுருங்கிவிடவில்லை என்பதுதான் அதிசயம். உண்மை தெரிந்தவன் பழைய அறியாமையை இழந்ததற்காக நாம் துக்கப்படுகிறோம். இத்தனையும் முந்நூறு பக்கத்துக்குள்.

கிளார்க்கின் முதல் நாவலான 'ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரல்' 2004இல் வந்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் பெரும்பகுதியை நெடுநாள் நோய் தின்றுவிட்டது. அது எண்ணூறு பக்க நாவல், நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் மந்திரத்தை மீட்க முயலும் இரண்டு பேரின் பூசல். நீளத்தைப் பற்றி இத்தனை புலம்பிய பிறகு இதைச் சிபாரிசு செய்வது முரண்தான், ஆனால் தொடங்கியதை முடித்துக்கொடுக்கும் நாவல். 'பிரனேசி'யைப் படித்துவிட்டு இதற்குப் போகலாம். முதல் நூறு பக்கம் நாரலைப் போலவே சிடுசிடுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதிலும் அடிக்குறிப்புகள் உண்டு, சில இரண்டு மூன்று பக்கத்துக்கு நீளும். அவற்றைத் தாண்டிப் போய்விட வேண்டாம். நாவலில் வரும் பழங்கால மந்திரவாதியான காக்கை அரசனைப் பற்றிய நல்ல கதைகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன.