நாகா: மேயரின் கதையா, சட்டத்தின் கதையா?

பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குத் தென்கிழக்கே பிகோல் பகுதியில் இருக்கிறது நாகா நகரம். நல்ல உள்ளாட்சி என்று பேச்சு வந்தாலே இந்த ஊரை உதாரணம் காட்டுவார்கள். தேடிப் படித்தால் எல்லாம் ஒரே ஆளைச் சுற்றித்தான்: 1988-ல் மேயரான ஜெஸ்ஸி ரொப்ரெடோ. ரப்பர் செருப்போடு தெருவில் நடந்தார், 2000-ல் மகசேசே விருது, 2012-ல் விமான விபத்தில் மரணம்.

இங்கேதான் எனக்கு நெருடல். நாகாவின் நிஜமான சரக்கு 1995-ல் நகர மன்றம் போட்ட ஒரு சட்டம். ஊர்ச் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்த 'மக்கள் மன்றம்' தன் ஆட்களை நகர மன்றக் குழுக்களுக்கு அனுப்பலாம். சும்மா உட்கார்ந்து கேட்க இல்லைங்க, குழுவில் வாக்களிக்கவும் செய்யலாம். மன்றத்தின் இறுதி வாக்கு மட்டும் தேர்வான உறுப்பினர்களுக்கே.

தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் மேயராக முடியாது என்பதால் 1998-ல் ரொப்ரெடோ விலகினார், 2001-ல் திரும்பினார். ஏற்பாடு நின்றது. "பார்த்தீர்களா, ஆள் போனாலும் அமைப்பு நிற்கிறது" என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இடையில் இருந்தவர் அவர் ஆதரித்தவர். 2010-ல் வந்தவர் அவர் கட்சிக்காரர். 2025-ல் மேயரானவர் அவர் மனைவி லெனி.

பேக்கப் எடுத்து வைத்திருப்பது வேறு, அதை ரீஸ்டோர் செய்து பார்த்திருப்பது வேறு. ரொப்ரெடோ பெயரே பிடிக்காத ஒருவர் மேயராகி, அப்போதும் மக்கள் மன்றத்துக்கு நாற்காலி இருந்தால்தான் சட்டம் ஜெயித்தது என்பேன். அதுவரை செருப்பைப் பற்றிக் குறைவாகவும், அந்த நாற்காலியைப் பற்றி அதிகமாகவும் எழுதலாமே!