தாமதத்தின் இனிமை

மின்கித்தார் வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறு பெட்டிகளுள், 1983-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் வெளியிட்ட டிடி-2 என்னும் டிஜிட்டல் டிலே பெடலைப் போல, காலத்தையே வாத்தியத்தின் ஓர் அங்கமாக்கிய பொருள் வேறொன்று உண்டோ என்பது சந்தேகமே. காந்த நாடாவைச் சுழற்றி எதிரொலி எழுப்பிய முந்தைய யந்திரங்கள் கனமானவை, நாடாவோ தேய்வது. இப்பெட்டி, தந்தியின் நாதத்தை எண்களாக்கி, ஞாபகத்தில் இருத்தி, அதிகபட்சம் 800 மில்லிவினாடி தாமதித்து, மீண்டும் நாதமாக்கித் தருகிறது.

இதன் சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. நிமிஷத்துக்கு 120 அடி என்ற கதியில் ஓர் அடிக்கு 500 மில்லிவினாடி. தாமதத்தை அதன் முக்கால் பங்காகிய 375-இல் நிறுத்தி, அடிக்கு இரண்டு ஸ்வரமாக நிதானமாய் மீட்டிக்கொண்டு போனால், மறுகுரல்கள் அவற்றின் நட்டநடுவே வந்து விழ, அடிக்கு நான்கு ஸ்வரங்கள் ஓடுவதாகச் செவி மயங்குகிறது. அயர்லாந்தின் யூ2 குழுவைச் சேர்ந்த தி எட்ஜ், அவர் கையாண்ட கருவிகள் வேறெனினும், இந்த உபாயத்தையே தம் பாணிக்கு ஆதாரமாக்கிக்கொண்டார்.

மறுகுரல்களின் எண்ணிக்கையைக் கூட்டும் குமிழை ஆசைப்பட்டுத் திருப்புவோர் பலர். ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து ராகச் சாயலே கலங்கிவிடும். இரண்டு மூன்று மறுகுரலே எனக்கு உவப்பு. தாளம் சற்றுப் பிசகினாலும் இப்பெட்டி அதை மறைக்காது, இரட்டித்தே காட்டும். ஆகையால், டிரம்ஸ் வாசிப்பவருக்கும் மறுகுரல் தெளிவாகக் கேட்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது நலம்.