ஐந்தாம் கியருக்கு இரு வழிகள்

பழைய கார்களில் ‘ஓவர்டிரைவ்’ என்பது கியர்பெட்டியின் பின்னால் பொருத்தப்படும் கூடுதல் பல்சக்கரத் தொகுதி. அது இயங்கும்போது இன்ஜினைவிடப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டு விரைந்து சுற்றுவதால், நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருள் செலவும் குறைகின்றன. ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டரில் இடம்பெற்ற போர்க்-வார்னர் வகையில், முந்த விரும்பும் ஓட்டுநர் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தால் ‘கிக்டவுன்’ சுவிட்ச் அழுந்தி, பற்றவைப்பு மின்சாரத்தைக் கணநேரம் துண்டிக்கும். பற்களின் மேலுள்ள சுமை தளரும் அந்த இடைவெளியில் ஓவர்டிரைவ் விடுபட்டு, வண்டி இழுவை மிகுந்த கியருக்கு இறங்கும்.

இலங்கையில் நிலைத்த மொரிஸ் மைனருக்கும் இந்தியாவில் நிலைத்த அம்பாசடருக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை. 948 சிசி மைனர் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓட, அதன் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 முறை சுற்ற வேண்டும். ஆகவே இரு நாட்டு மெக்கானிக்குகளும் ஓவர்டிரைவின் வேலையைச் செய்யும் ஐந்தாம் கியரைக் கொண்ட பிற்காலக் கியர்பெட்டியை நாடினர். அது கிடைத்த இடம்தான் வேறு.

இலங்கையில் 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியை முடக்கியதால், இருந்த மைனர்களைப் பழுதுபார்த்தே ஓட்ட வேண்டியதாயிற்று; 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் ஜப்பானியக் கார்களும், அவற்றிலிருந்து கழற்றிய பாகங்களும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளை நிறைத்தன. ஆனால் அவ்வாறு வந்த டட்சன் காரின் ஐந்து கியர் பெட்டியை மைனரில் ஏற்றுவது கழற்றிப் பூட்டும் வேலையன்று. இன்ஜினோடு இணைக்க இடைத்தகடு கடைய வேண்டும், சுழல்தண்டின் நீளத்தை மாற்ற வேண்டும், கியர்க்கோலுக்கு இடம் விட்டுத் தரைத்தகட்டை வெட்ட வேண்டும், வேகமானியின் கேபிளையும் பொருந்தச் செய்ய வேண்டும். ஆயினும் இதை முற்றிலும் அயல் ஒட்டு என்று கூறிவிட முடியாது. டட்சனைத் தயாரித்த நிசான் நிறுவனமே 1952இல் ஆஸ்டினோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிட்டிஷ் கார்களைப் பூட்டித் தொழில் பழகியது.

இந்தியாவில் இத்தகைய ஒட்டுவேலைக்கான தேவை குறைவாகவே இருந்தது. மொரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. 1990களில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர்களையும் அதைத் தயாரித்த நிறுவனமே அதே உடற்கூட்டில் ஏற்றிக் கொடுத்தது. ஆதலால் பழைய அம்பாசடர்காரருக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் வேண்டியது பிறிதொரு காரின் பாகமன்று, தம் காரின் இளைய தலைமுறையின் பாகமே.

இந்தியாவில் இடையூறாவது சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும்போது, சட்டகம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் கூடாது என்கின்றன. கியர்பெட்டி அப்பட்டியலில் இல்லை. ஆனால் அப்பதிவு பெற்ற காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் ஊர்ந்து செல்லும் அந்த வண்டிக்கு ஐந்தாம் கியர் எப்போதாவதுதான் பயன்படும்.