மல்லி முகத்தின் வெளிச்சம்

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கு பியர் ஆன்ஜெனியூ விருது கொடுத்தார்கள். ரோஜர் டீக்கின்ஸ் வாங்கிய விருது; இந்தியாவிலிருந்து பெற்ற முதல் ஆள் இவர். எல்லோரும் 'தளபதி'யின் சூரியனையும் 'இருவ'ரையும் பேசினார்கள். எனக்கு 'தி டெரரிஸ்ட்' (1998) ஒன்றே போதும்.

அந்தப் படத்தில் மல்லியாக நடித்த ஆயிஷா தார்க்கரின் முகம்தான் நிலப்பரப்பு. மழைத்தண்ணீர் இமையில் தங்கி, கன்னத்தில் இறங்கும். பின்னால் பச்சை கரைந்து கிடக்கும். கறுத்த முகம் என்றால் நம் சினிமாவில் உடனே வெளிச்சத்தை ஏற்றிவிடுவார்கள். சந்தோஷ் சிவன் நிழலை நிழலாகவே விட்டு, ஈரத்தில் மட்டும் ஒளியைத் தொட வைத்தார். மல்லியின் தயக்கம் நமக்குத் தெரிவது அந்தப் பளபளப்பில்தான். கெய்ரோ திரைப்பட விழாவில் படத்தைப் பார்த்த நடிகர் ஜான் மால்கோவிச், அமெரிக்காவில் வெளியிடத் தன் பெயரையே கொடுத்தார்.

திருப்பூரில் லேப் டிப் (துணியின் சாய மாதிரி) பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஒளி வேலை சட்டென்று பிடிபடும். லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சத்துக்கு ஒத்துப்போன மெரூன், டிஎல்84 என்ற கடை விளக்கைப் போட்டதும் வேறு ஷேடாக நிற்கும். ஐரோப்பிய பையர் தன் கடை விளக்கில் எப்படித் தெரியும் என்றுதான் கேட்பான். துணி அதேதான், சாயமும் அதேதான், வெளிச்சம்தான் வேறு. சந்தோஷ் சிவன் ஒவ்வொரு தோலையும் இப்படித்தான் பார்க்கிறார்.

பிரிட்டிஷ் தயாரிப்புகளான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (2004), 'மிஸ்ட்ரஸ் ஆஃப் ஸ்பைசஸ்' (2005) இரண்டும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அங்கே நிறங்கள் இந்தியாவை வெளியாருக்குக் காட்டவே அடுக்கி வைத்ததுபோல இருக்கும். கேரள மலைக்கே திரும்பி எடுத்த 'பிஃபோர் தி ரெயின்ஸ்' (2007) எவ்வளவோ மேல். மூடுபனி யாருக்காகவும் அலங்காரம் செய்துகொள்வதில்லை.

ஒளிப்பதிவாளர்களில் பி.சி.ஸ்ரீராம்தான் பெரியவர் என்று எங்கள் வட்டத்தில் வாதாடுகிறவர்கள் உண்டு. 'நாயக'னின் இருட்டை நானும் மறுக்கமாட்டேன். அது கதைக்காகக் கட்டி எழுப்பிய இருட்டு. சந்தோஷ் சிவனுடையது வானத்திலிருந்து வருவது. எனக்கு வானம்தான் பிடிக்கிறது.

இப்போதைய படங்களில் எல்லார் தோலும் ஒரே ஆரஞ்சு, எல்லா இரவும் ஒரே நீலப்பச்சை. கிரேடிங் அறையில் ஒரே பேட்சில் சாயம் முக்கி எடுக்கிறார்கள். அதற்கு மேல், பல தியேட்டர்களில் புரொஜெக்டர் விளக்கு மங்கினாலும் மாற்றுவதில்லை. கோவை, திருப்பூர்ப் பக்கம் திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்கள் ஒரு நல்ல பிரதியைத் தேடிப் பிடித்து, விளக்கைச் சரிபார்த்து, 'டெரரிஸ்ட்'டை ஒரு தடவையாவது பெரிய திரையில் போட வேண்டும்.