ஷைலாக்கின் நோக்கம்: பேராசையா, பழியா?

‘வெனிஸ் நகர வணிகன்’ ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1596–97இல் எழுதிய நாடகம். இதில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக். தமிழில் இவன் பெயரிலேயே 1940இல் செருகளத்தூர் சாமா நடித்த திரைப்படம் வெளிவந்தது. ஈவிரக்கமற்ற கந்துவட்டிக்காரரை ஷைலாக் என்று அழைப்பதும் உண்டு. நாடகத்தை ஊன்றிப் படித்தால் இவ்வழக்கு பொருந்தாது என்பது விளங்கும்.

வட்டியில்லாக் கடன்

அந்தோனியோவின் பொறுப்பில் ஷைலாக் மூவாயிரம் டக்கட் பொன்னை மூன்று மாதத் தவணைக்குக் கொடுக்கிறான். இக்கடனுக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் ஒரு பவுண்டு சதை என்பதே ஒப்பந்தம். பின்னர் நீதிமன்றத்தில் அசலைப் போல் இருமடங்கு, மும்மடங்கு தர முன்வந்தபோதும் அவன் மறுக்கிறான். பணமே குறியானவன் இப்படி மறுக்கமாட்டான்.

பழியின் வேர்

அந்தோனியோ அவனை நாய் என்று ஏசியவன், தாடியில் உமிழ்ந்தவன், கடன் கேட்க வந்த இடத்திலும் இனியும் உமிழ்வேன் என்கிறான். அன்றைய வெனிஸில் யூதர்கள் 1516 முதல் கெட்டோ என்னும் தனிக் குடியிருப்பில் அடைக்கப்பட்டிருந்தனர். இரவில் அதன் வாயில்கள் பூட்டப்பட்டன. அவர்களுக்கு விடப்பட்ட சில தொழில்களுள் வட்டித்தொழில் ஒன்று. அதைச் செய்ததற்காகவே அவர்கள் இகழவும் பட்டனர்.

மகள் ஜெசிகா பொன்னோடும் நகையோடும் ஒரு கிறித்தவ இளைஞனுடன் ஓடிப்போனது இறுதி அடி. மனைவி லேயா மணத்திற்கு முன் தந்த மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு விற்றாள் எனக் கேட்டு அவன் துடிக்கிறான். அங்கே பேசுவது கஞ்சத்தனம் அன்று.

காயல் கரையின் வட்டம்

ஷைலாக் நம்பியது சட்டம் ஒன்றையே. அயலாருக்கும் சட்டம் பொது என்பது வணிக நகரம் ஒன்றின் உயிர்நாடி; அதை அந்தோனியோவே ஒப்புக்கொள்கிறான். இந்நம்பிக்கைக்குச் சான்று இன்றைய சாகுபுரத்தை அடுத்த முத்துக்குளித்துறைக் கரையிலும் உண்டு. 1290களில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் பாண்டிய நாட்டுக் கடன் வழக்கம் ஒன்றையும் பதிவு செய்துள்ளார். கடன் கொடுத்தவர் கடன்பட்டவரைச் சுற்றி வட்டம் வரைந்தால், கடனை அடைக்காமலோ பிணை தராமலோ அவர் வெளியேற முடியாது. அயல்நாட்டு வணிகர் ஒருவர் குதிரைமேல் வந்த அரசனைச் சுற்றியே வட்டமிட, அவர் மனநிறைவு அடையும்வரை அரசன் அங்கேயே நின்றதைப் போலோ நேரில் கண்டதாகக் கூறுகிறார்.

நாடகத்தின் வெனிஸில் நடப்பது வேறு. சதை உண்டு, குருதி இல்லை என்று ஒப்பந்தம் முறிக்கப்படுகிறது. குடிமகனின் உயிரை நாடும் அயலானுக்கான தனிச் சட்டம் அடுத்து எடுக்கப்படுகிறது. அதே ஊரில் பிறந்து வளர்ந்தாலும் யூதன் அங்கே அயலான்தான். ஷைலாக் சொத்துரிமையை இழக்கிறான். மதம் மாறவும் கட்டாயப்படுத்தப்படுகிறான்.

மதிப்பீடு

ஷைலாக் குற்றமற்றவன் அல்லன். நீதிமன்றத்திலேயே கத்தி தீட்டுபவன். இரக்கம் காட்டக் கிடைத்த வாய்ப்பையெல்லாம் தள்ளியவன். ஆனால் அவன் கேட்டது செல்வம் அன்று. தன்னை மனிதனாக மதியாத ஊரில், தனக்கும் எழுத்துப்படி நீதி கிடைக்கும் என்று ஒருமுறை காட்டிவிட விரும்பினான். அதற்கு அவன் தேர்ந்தது கொலை. அவன் கொடுமையையும் அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் சேர்த்து நோக்கும் வாசிப்பே நாடகத்திற்கு நியாயம் செய்யும்.