கண் என்றால் இதுவல்லவா கண்!

அரிசிப் பையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1947இல் லண்டனில் தொடங்கி, இன்று ஸ்விட்சர்லாந்தின் பியூலர் குழுமத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர் அது. ஆனால் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் நம் ஆலைக்காரர்களுக்கு அது சார்டெக்ஸ்தான். அந்த இயந்திரத்தின் மேல் எனக்குத் தீராத காதல்.

மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும் கேமரா, சர்க்யூட் போர்டில் சால்டரிங் விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும் கேமரா என்று தொழிற்சாலைகளில் எத்தனையோ கெட்டிக்காரக் கண்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ரசிக்கிறேன். ஆனாலும் காங்கேயம் பக்கத்து அரிசி ஆலைக்குள் நுழைந்தால் என் கால்கள் நேராக சார்டெக்ஸ் முன்னால்தான் போய் நிற்கும்.

வேலையைப் பாருங்கள்! ஹாப்பரில் இருந்து வரும் அரிசியை வைப்ரேட்டர் அதிர்ந்து அதிர்ந்து மெல்லிய படலமாகப் பரப்பி, 'சூட்' என்ற சரிவான சறுக்குத் தகட்டில் இறக்குகிறது. தகட்டின் முனையை விடும்போது அரிசியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். அங்கே முன்னும் பின்னும் கேமராக்கள். அவை பார்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, காற்றைப் பீய்ச்சிச் சொத்தை அரிசியை ஒதுக்கித் தள்ளும் எஜெக்டர் முனைகள் வரிசையாக நிற்கின்றன. இடைவெளி 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரிசி அதைக் கடக்க 10 மில்லி விநாடிதான் ஆகும். அதற்குள் பார்க்க வேண்டும், நல்லதா சொத்தையா என்று தீர்மானிக்க வேண்டும், எந்த முனையை எப்போது திறப்பது என்று கணக்கிட வேண்டும், திறக்கவும் வேண்டும். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் இப்படிப் பத்துக்கு மேற்பட்ட தீர்ப்புகள் ஒரே முனையில் நடந்து முடிந்துவிடும்!

இந்தக் கேமரா நம் செல்போன் போல முழுப் படம் எடுப்பதில்லை. அதற்குள் இருப்பது ஒற்றை வரிசைப் பிக்சல்கள். அரிசி விழ விழ, வரி மேல் வரியாகப் படம் சேர்கிறது. ஓட்டப்பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்று முடிவுக்கோட்டில் பார்ப்பதும் இதே முறையில்தான். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி. சென்சார்தான் இந்தக் கண்ணுக்கு வழிவிட்டது. அதற்காக 2009இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தகும், தகும்!

என்னை மயக்கிய நுட்பம் இன்னொன்று உண்டு. அரிசிக்குப் பின்னால் இருக்கும் பலகையின் வெளிச்சத்தை நல்ல அரிசியின் வெளிச்சத்துக்குச் சமமாக வைப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. அப்படி வைத்தால் நல்ல அரிசி பின்னணியோடு கலந்து கேமராவுக்குத் தெரியாமலே போய்விடும். கருப்பு அரிசி மட்டும் பளிச்சென்று கண்ணில் குத்தும். எத்தனை எளிமை, எத்தனை அழகு! நிறத்தில் அரிசியோடு ஒத்துப்போகும் கண்ணாடித் துண்டு வந்தால்? அதைப் பிடிக்க அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது.

மூளை எங்கே இருக்கிறது தெரியுமா? கண்ணுக்குப் பக்கத்திலேயே! படத்தைத் தூரத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் அரிசி சாக்குக்குள் போய்விடும். சாதாரணக் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும். சில மில்லி விநாடி தாமதம் அதற்குப் பொருட்டே இல்லை. இங்கே அந்தத் தாமதம் கட்டாது. அதனால் இயந்திரத்துக்குள்ளேயே, இந்த ஒரு வேலைக்கென்றே சுற்று அமைத்த எஃப்.பி.ஜி.ஏ. சிப் உட்காருகிறது. பிக்சல்கள் அதன் வழியாக ஓடும்போதே முடிவும் வந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், பிசகாமல். கண்ணும் மூளையும் ஒரே இயந்திரத்துக்குள் இருக்கும் இந்த 'உட்பொதிந்த பார்வை'யின் பெருமையே இதுதான்.

கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே எஜெக்டர்கள் படபடவென்று அடிக்கும் ஓசை எனக்குச் சங்கீதம். ரிஜெக்ட் பக்கம் விழுந்ததை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். கருப்பு, பழுப்பு, உமி நீங்காத நெல், அவற்றோடு காற்றில் சேர்ந்துபோன நல்ல அரிசியும் கொஞ்சம் இருக்கும். அதையும் வீணாக்காமல் மறுபடி ஒருமுறை பிரித்தெடுக்கிறது இந்த மகராசி!

இந்தத் தொழில்நுட்பம் இன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சென்னையில் இருந்தே இ-கான் சிஸ்டம்ஸ் நிறுவனம் கேமரா மாட்யூல்களை வடிவமைத்து உலகத்துக்கு அனுப்புகிறது. சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகள் செய்யும் ராஸ்பெரி பை 2023இல் வெளியிட்ட குளோபல் ஷட்டர் கேமரா எல்லாப் பிக்சல்களையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதால், ஓடும் பொருள் படத்தில் கோணாமல் விழுகிறது. அன்று அதன் விலை 50 டாலர்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களே, பக்கத்து அரிசி ஆலையில் அனுமதி கேட்டு ஒருநாள் சார்டெக்ஸ் முன்னால் நில்லுங்கள். பிறகு ஒரு சின்ன போர்டும் கேமராவும் வாங்கி, முதலில் வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டு, ஒரு பிடி அரிசியில் தொடங்குங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.